ஸ்ப்ரே டப்பா பசங்களும் எங்க ஊர் மதிலும்

கேரளா-தமிழ்நாடு எல்லையில இருக்கற எங்க கொழிஞ்சாம்பாறை பக்கம் எந்த வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் இப்ப இதே சண்டைதான். பஸ் ஸ்டாப் ஷெட்டு, ஸ்கூல் மதில், புதுசா கட்டின வீட்டு காம்பவுண்டுன்னு எதையும் விட்டு வைக்கல. ராத்திரியோட ராத்திரியா கருப்பு ஸ்ப்ரேயில பேரும் ஹார்ட்டும் கிறுக்கிட்டுப் போயிடறாங்க. கேமரா வை, போலீஸ்ல புடிச்சுக் குடு, நாலு அறை விடுன்னு ஆளாளுக்கு ஒரு யோசனை.

நான் சொல்றது ஒண்ணுதான்: அழிங்க, மறுநாளே அழிங்க. நியூயார்க் சப்வே ரயிலெல்லாம் ஒரு காலத்துல உள்ளேயும் வெளியேயும் கிறுக்கலா கெடந்துச்சு. சுத்தம் பண்ணின ரயில்ல மறுபடி எவனாவது எழுதினா, அழிக்காம ஓட்டக் கூடாதுன்னு 1984ல முடிவு பண்ணாங்க. 1989 மே மாசம் கடைசி கிறுக்கல் பெட்டியும் லைன விட்டுப் போச்சு. எழுதறவனுக்கு நாலு பேர் பார்க்கணும், அவ்வளவுதான். யாரும் பார்க்கறதுக்கு முன்னாடியே போயிடுச்சுன்னா டப்பா காசு தண்டம்.

ஆனா அழிக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. ஸ்ப்ரே மேல வெறும் சுண்ணாம்பு அடிச்சா பிடிக்காது, ரெண்டு மழைக்கு உரிஞ்சு பழைய பேரு பல்லிளிக்கும். மார்க்கர்ல எழுதினதுமேல எமல்ஷன் அடிச்சா மை கசிஞ்சு மேல வந்துடும்; கறை தடுக்கற பிரைமர் ஒரு கோட் குடுத்துட்டுதான் பெயிண்ட். கருங்கல்லுன்னா இன்னும் மோசம். எங்க ஷெட்டுத் தூண்ல யாரோ நல்லெண்ணத்துல தின்னரை ஊத்தித் தேய்ச்சுட்டாங்க. மை கல்லோட துளைக்குள்ள எறங்கி, மூணு எழுத்து இருந்த இடத்துல இப்ப தட்டு அகலத்துக்கு ஒரு கருப்புத் திட்டு. அப்புறம் கம்பி பிரஷ் போட்டதுல கல்லும் கீறல் விழுந்து போச்சு.

பிள்ளையார், ஏசு, மெக்கான்னு வரிசையா டைல்ஸ் ஒட்டலாம்னு ஒருத்தர் சொன்னாரு. ஒட்டின இடத்துல போய்ப் பாருங்க. டைல்ஸ தொடல, அதச் சுத்திதான் எழுதியிருக்கான். பக்தியுள்ள பையன்!

சரி, பசங்கள மட்டும் சொல்லி என்ன? 2021 ஏப்ரல் 6, இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு, ஒரே நாள்ல ஓட்டு. அதுக்கு எத்தனை நாள் முன்னாடியே அடுத்தவங்க மதில்ல வெள்ளையடிச்சு, "புக்ட்"னு எழுதி வெச்சாங்க? வீட்டுக்காரர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா? அனுமதி இல்லாம எழுதக் கூடாதுன்னு தேர்தல் நடத்தை விதியிலயே இருக்கு. எல்லையில இருக்கற கோபாலபுரம் தாண்டினா தமிழ்நாட்டுல 1959லயே இதுக்குத் தனிச் சட்டம் வந்தாச்சு. அந்தப் பக்கச் சுவரெல்லாம் என்ன பளிச்சுன்னா இருக்கு? பதினஞ்சு வயசுப் பையன் எழுதினா போலீஸ், சின்னம் வரைஞ்சா மட்டும் டீ வாங்கிக் குடுத்து அனுப்பறதா? அந்த எழுத்தையும் சேர்த்துதான் அழிக்கணும்ங்கறேன்.

ஞாயித்துக்கிழமை காலையில ஷெட்டுக்குப் பெயிண்ட் அடிக்கறோம், மெம்பர் கிட்ட சொல்லியாச்சு. ரோலர் இருக்கறவங்க எடுத்துட்டு வாங்க. கட்சிக்காரங்களும் தாராளமா வரலாம். கலர் மட்டும் நாங்களே முடிவு பண்ணிட்டோம்.