முழுத் தகவலுக்காகக் காத்திருக்க 1991-ல் நேரம் இருந்ததா?

தலைவர்கள் எல்லாத் தகவலும் கைக்கு வந்த பிறகே பெரிய முடிவுகளை எடுக்க வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நான் இதை ஏற்கவில்லை. 1991-ஐ நினைத்துப் பாருங்கள். இந்தியாவிடம் இருந்த அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கு மட்டுமே தேறும் நிலை. பிரதமர் சந்திரசேகரின் அரசு அப்போது வெறும் காபந்து அரசு. அது மே மாதம் 20 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பணம் புரட்டியது. அடுத்து வந்த நரசிம்ம ராவ் ஆட்சியில், ஜூலையில் மேலும் சுமார் 47 டன் அடகுக்குப் போனது.

ரூபாய் மதிப்பைக் குறைத்த கதை இன்னும் முக்கியம். ஜூலை 1-ம் தேதி முதல் கட்டம். எதிர்ப்பு வலுத்ததும் ராவுக்குத் தயக்கம் வந்துவிட்டது. 3-ம் தேதி இரண்டாம் கட்டத்தை நிறுத்தச் சொன்னார். நிதியமைச்சர் மன்மோகன் சிங் ரிசர்வ் வங்கித் துணை ஆளுநர் ரங்கராஜனைத் தொலைபேசியில் பிடித்தபோது, அறிவிப்பு ஏற்கெனவே வெளியாகியிருந்தது. சரி, அந்த அழைப்பு அரை மணி நேரம் முந்தி வந்திருந்தால்? யோசிக்கவே பதறுகிறது.

அந்த ஆண்டு எங்கள் வீட்டிலும் அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. கைக்குட்டையில் சுற்றி, முந்தானையில் முடிந்துகொண்டு போனார். நாடே தங்கத்தை அடகு வைத்த செய்தியைப் படித்துவிட்டு அப்பா வெகுநேரம் பேசவே இல்லை. அந்த அவமானம் தெரிந்தும் கையெழுத்துப் போட்டவர்களின் துணிவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியாவது இருந்திருக்கலாம்.