தோற்றது நல்லதாகப் போச்சா?

இரண்டு நாள் முன்னால் மதியச் சாப்பாட்டின்போது பேச்சு எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணியான ஷார்க்ஸ் பக்கம் திரும்பியது. அணியின் இளம் வீரன் செலெப்ரினி எப்படி ஆடுகிறான் பார்த்தாயா என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு நண்பர், "அந்த வருஷம் அப்படித் தோத்தது நல்லதாப் போச்சு" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அங்கே சொல்ல வாய் வராததை இங்கே எழுதுகிறேன்.

"அந்த வருஷம்" என்றால் 2023-24. சான் ஹோசே ஷார்க்ஸ் 82 ஆட்டம் ஆடி 19-இல் ஜெயித்தது. கூடுதல் நேரம் வரை இழுத்துத் தோற்ற 9 ஆட்டங்களுக்குத் தலா ஒரு புள்ளி சேர்த்தும் மொத்தம் 47 தான். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.-இன் 32 அணிகளில் கடைசி. போட்ட கோல் 181, வாங்கிய கோல் 331.

முதல் 11 ஆட்டத்தில் ஒரு வெற்றிகூட இல்லை. நவம்பர் 2 அன்று வான்கூவரிடம் 10-1. ஒரு நாள் விட்டுப் பிட்ஸ்பர்க்கிடம் 10-2. இரண்டுமே சொந்த அரங்கத்தில். இப்படி அடுத்தடுத்த ஆட்டங்களில் ஓர் அணி பத்துப் பத்தாக வாங்கியது அதற்கு முன் 1965-இல்தான்.

பிட்ஸ்பர்க் ஆட்டத்துக்கு மகனை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். மேல் வரிசையில் இடம். முந்தைய சீசனில் நமக்காகக் கோலும் கோலுக்கு உதவியதுமாகத் தனியாளாய் 101 புள்ளி எடுத்த எரிக் கார்ல்சன் அன்று எதிரணிச் சட்டையில் வந்திருந்தார். அந்தக் கோடையில்தான் அவரைப் பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்திருந்தார்கள். ஆறாவதோ ஏழாவதோ கோல் விழுந்தபோது நான் பக்கை, அதாவது ஆடும் வட்டை, பார்ப்பதை விட்டுவிட்டு நம் கோல்கீப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகமூடியை மேலே தள்ளி, வலையின் மேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு கோல் முன்னால் இருந்த பனியை ஸ்கேட்டால் இடமும் வலமும் தேய்த்துச் சரிசெய்தார். குனிந்து தயாராக நின்றார். அடுத்த கோலுக்கும் அதே வரிசை, அதே நிதானம். ஜனம் பாதி எழுந்து போய்விட்டது. "அப்பா, அவர் மட்டும் ஏன் போகல?" என்று மகன் கேட்டான். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

இந்த விளையாட்டைப் பின்தொடராதவர்களுக்கு ஒரு விளக்கம். கடைசியில் முடிக்கும் அணிக்குத்தான் அடுத்த டிராஃப்டில், அதாவது இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் ஆளை எடுக்கும் வாய்ப்பு அதிகம். குலுக்கலில் 25.5 சதவீதம். 2024 மே மாதம் அந்தக் குலுக்கல் நமக்கு விழுந்தது. மாக்லின் செலெப்ரினி வந்தான். சிறுவயதில் இதே ஊரில் ஜூனியர் ஷார்க்ஸுக்கு ஆடியவன். சந்தோஷப்படாமல் இருக்க முடியுமா? நானும் வீட்டில் கத்தினேன்.

அணியின் பொது மேலாளர் மைக் கிரியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2022-இல் அவர் பொறுப்பேற்றபோது அணியில் வயதும் சம்பளமும் ஏறியிருந்தன, கீழிருந்து வருவதற்கு ஆள் இல்லை. பர்ன்ஸ், மையர், கார்ல்சன் என்று ஒவ்வொருவராகக் கொடுத்தார். வேறு வழி எனக்கும் தெரியவில்லை. ஆனால் தோற்கும்படியான அணியைக் கட்டுவது மேலே இருப்பவர்களின் முடிவு. பனியில் இறங்குகிறவன் தோற்பதற்காக இறங்குவதில்லை. அவனுக்கு அது பிழைப்பு. பக் பறந்து வரும்போது குறுக்கே விழுந்து தடுக்கிறவனுக்கு டிராஃப்ட் கணக்கா ஞாபகம் வரும்?

சரி, நல்லது யாருக்கு நடந்தது? தோமாஷ் ஹெர்டல் 11 சீசன் இங்கே ஆடியவர். முதல் சீசனில் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு எதிராக நான்கு கோல் போட்டு, அதில் ஒன்றைக் காலுக்கு நடுவே மட்டையை விட்டு அடித்த பையன் அவர். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து தேறிக்கொண்டிருந்தவரை 2024 மார்ச்சில் வேகஸுக்குக் கொடுத்தார்கள். 2019-இல் நாம் பிளேஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் 3-0 பின்தங்கி, எழுந்து வந்து தோற்கடித்தோமே, அதே வேகஸுக்கு! என் மகனிடம் இருந்த ஒரே ஜெர்சி 48ஆம் எண், அதாவது ஹெர்டல். கேப்டன் லோகன் கூட்டூர் காயத்தால் அந்த சீசனில் ஆறே ஆட்டம்தான் ஆடினார். பிறகு ஆடவே முடியாமல் போய், 2025 ஏப்ரலில் ஆட்ட வாழ்க்கை முடிந்ததாக அறிவித்தார். முக்கியக் கோல்கீப்பர்கள் இருவரில் காக்கோனென் அதே மார்ச்சில் நியூஜெர்சிக்குப் போனார். பிளாக்வுட் 2024 டிசம்பரில் கொலராடோவுக்கு. அந்த 331-ல் பெரும்பங்கைத் தாங்கியவர்கள் யாரும் இன்று இந்தக் கொண்டாட்டத்தில் இல்லை. அவர்கள் தலையில் விடிந்ததை நம் நல்ல காலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் அந்த 2023 நவம்பர் 7. பிலடெல்பியாவை 2-1 என்று ஜெயித்தோம், சீசனின் முதல் வெற்றி. வீட்டில் டிவியில் பார்த்தேன். மணி அடித்ததும் எல்லோரும் ஓடிப்போய்க் கோல்கீப்பரைச் சூழ்ந்துகொண்டு தலையோடு தலை முட்டினார்கள். கோப்பை ஜெயித்தவர்கள்கூட அத்தனை இறுக்கமாகக் கட்டிக்கொள்வார்களா தெரியாது. மகன் தூங்கிவிட்டிருந்தான். எழுப்பிச் சொன்னேன்.

அந்த சீசனின் இரண்டாவது ஆட்டத்தில் கொலராடோவுக்கு எதிராக 51 ஷாட்டுகளைத் தடுத்தும் பெனால்டி ஷூட்டவுட்டில் தோற்றுப்போனவர் பிளாக்வுட். அடுத்த முறை கொலராடோ இங்கே வரும்போது டிக்கெட் எடுக்கப்போகிறேன். அவர் பெயரை அறிவிக்கும்போது நானும் மகனும் எழுந்து நின்று கைதட்டுவோம். வருகிறவர்கள் சொல்லுங்கள், சேர்ந்து உட்காரலாம்.