அந்த எரிச்சல் இயல்பானதல்ல

‘டிரிப்ஸ் ஏறும்போது கை கடுப்பது இயல்புதான்’ என்று உங்கள் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. என்னால் அதை ஏற்க முடியவில்லை. சென்ற ஆண்டு என் அம்மாவுக்குப் புறங்கையில் போட்ட வென்ஃப்ளான் என்ற மெல்லிய ஊசிக்குழாய் வழியாகப் பொட்டாசியம் ஏற்றினார்கள். எரிகிறது, எரிகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் காதில் வாங்கவில்லை. மறுநாள் காலை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவப்புக் கோடு. தொட்டால் கயிறு போல விறைத்த இரத்தக் குழாய். அதுதான் சிரை அழற்சி, அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாயான சிரை புண்பட்டு வீங்குவது. பொட்டாசியம், வான்கோமைசின், அமியோடரோன் போன்ற மருந்துகள் சிரையின் உட்சுவரையே தாக்கக்கூடியவை. போதிய அளவு நீர்க்கச் செய்து, மெதுவாக, கூடுமானால் பெரிய சிரையில் ஏற்ற வேண்டும். எரிச்சல் தொடங்கியதுமே நிறுத்தி, மறு கைக்கு மாற்றியிருக்கலாம். அம்மாவுக்கு அந்தத் தடிப்பு கரைய ஆறு வாரம் ஆனது. தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள்.