ஒரு மணி முதல் ஒன்றே முக்கால் வரை

எங்கள் நிறுவனத்தில் மாதம் ஒரு முறை, மதிய உணவு இடைவேளையில், பணியாளர்களுக்கான நலவாழ்வு உரை நடக்கிறது. மன அழுத்தம், உறக்கம், சர்க்கரை நோய், வீட்டுக்கும் வேலைக்கும் நேரத்தைப் பங்கிடுவது என ஒவ்வொரு மாதமும் ஒரு தலைப்பு. தருமபுரியில் உள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளராகப் பணியாற்றும் நான், இந்த உரைகளை ஏற்பாடு செய்யும் குழுவில் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். சுற்றறிக்கை எழுதுவது, பேச வருகிறவரை அழைப்பது, வருகைத் தாளில் கையொப்பம் வாங்கிக் கோப்பில் சேர்ப்பது எல்லாம் என் கைவழியாகவே நடக்கின்றன. எனவே இங்கே நான் குறையாகச் சொல்லப்போவதில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உரைகளே வேண்டாம் என்பது என் கருத்து அன்று. அவற்றைச் சாப்பாட்டு நேரத்தில் வைக்கக் கூடாது, அலுவலக நேரத்தில்தான் வைக்க வேண்டும் என்பதும், பேச வருகிறவர் சொல்வதை ஊழியர் கடைப்பிடிக்க அலுவலகம் தன் பங்குக்கு எதைச் செய்யும் என்பது அதே கூட்டத்தில் பேசப்பட வேண்டும் என்பதுமே என் கருத்து.

ஒரு மணி முதல் ஒன்றே முக்கால் வரை எங்களுக்கு இடைவேளை. அந்த 45 நிமிடத்தில் என்னென்ன நடக்கிறது என்பதைப் பக்கத்து இருக்கையில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் மதிப்பு தெரியும். தொழுகைக்குப் போகிறவர்கள் உடனே எழுந்து போய்விடுவார்கள். பதிவறையில் இருக்கும் மூத்தவர் ஒருவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மேசையில் தலை சாய்த்துப் பத்து நிமிடம் கண்ணயர்வார். அவருக்கு முதுகுத்தண்டில் பிரச்சினை. வங்கிக்கு ஓடுகிறவர்களும், மின்கட்டணம் கட்டுகிறவர்களும், பள்ளியில் இருந்து வந்த அழைப்புக்கு அப்போதுதான் பதில் சொல்கிறவர்களும் உண்டு. எங்கள் பிரிவின் தட்டச்சர், காவேரிப்பட்டணத்துக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் இருந்து வருகிறார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, வீட்டில் எல்லோருக்கும் சமைத்து வைத்துவிட்டு, இரண்டு பேருந்து மாறி காரிமங்கலம் வழியாக வந்து சேருகிறவர். அவர் காலையில் குடிப்பது ஒரு டீ மட்டும்தான். ஒரு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்தால் ராகிக் களி உருண்டையும் அவரைக்கொட்டைச் சாறும் இருக்கும். பாதி சாப்பிட்டதும் மாமியாருக்குப் போன் செய்து, ஒன்றரை வயதுக் குழந்தை சாப்பிட்டதா, தூங்கியதா என்று கேட்பார். அவருடைய நாளின் நிம்மதி அந்த ஒரு அழைப்பில் இருக்கிறது.

சென்ற தேர்வுக் காலத்தில், வேலைக்கும் வாழ்வுக்கும் இடையே சமநிலை என்ற தலைப்பில் ஓர் உரை நடந்தது. பேசியவர் நல்லவர், விஷயம் தெரிந்தவர், பணம் எதுவும் வாங்காமல் வந்தவர். சாப்பிடும்போது வேறு எதையும் செய்யாமல் நிதானமாக மென்று சாப்பிட வேண்டும் என்றும், வீட்டாரோடு ஒரு நாளில் சிறிது நேரமாவது முழு மனதோடு பேச வேண்டும் என்றும் அவர் சொன்னதில் பிழையே இல்லை. கூட்டம் முடியும்போது மணி ஒன்று ஐம்பது. நுழைவுச்சீட்டில் பிறந்த தேதி தவறாக அச்சாகியிருக்கிறது என்று நான்கு மாணவர்கள் சன்னலுக்கு வெளியே நின்றிருந்தார்கள். எங்கள் தட்டச்சர் டிபன் பாக்ஸைத் திறந்தார், ஒரு வாய் எடுத்தார், அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார், மூடி வைத்துவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பினார். ஆறிப்போன களி தொண்டையில் இறங்காது என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாலையில் அந்தப் பாத்திரத்தை அப்படியே பையில் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கு வருகைத் தாளில் அவரிடம் கையொப்பம் வாங்கியவள் நான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இடைவேளை என்பது அலுவலகம் நமக்குத் தரும் சலுகை என்று நாம் பழகிவிட்டோம். அது அப்படி வந்ததில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், எந்தத் தொழிலாளியும் அரை மணி நேர ஓய்வு இல்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று எழுதி வைத்தது. அதற்கும் ஓர் ஆண்டு முன்பே, 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் 1 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்றது. 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடிய மண் இது. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, அது அந்த ஆண்டு மே நாளிலேயே திரும்பப் பெறப்படும் அளவுக்கு எதிர்ப்பு எழுந்த மாநிலம் இது. கல்வி நிறுவன அலுவலர்களாகிய நாம் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் வராமல் இருக்கலாம். ஆனால் வயிறும் முதுகும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

இன்னொரு நிகழ்வையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உரைகளின் மேல் எனக்கு நம்பிக்கை வந்ததே அதனால்தான். ஒரு முறை, இரத்த அழுத்தம் பற்றிப் பேச வந்த செவிலியருக்கு மதியம் வேறு பணி இருந்ததால், கூட்டத்தைக் காலை 11 மணிக்கு வைக்க வேண்டியதாயிற்று. அவர் பத்து நிமிடம்தான் பேசினார். பிறகு கருவியை மேசையில் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் வரிசையாகப் பரிசோதித்தார். கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர், பென்னாகரம் பக்கத்துக்காரர், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "எனக்கும் பாப்பாங்களா மேடம்?" என்று என்னிடம் கேட்டார். சுற்றறிக்கையில் நான் "அனைத்து அலுவலர்கள்" என்று மட்டும் எழுதியிருந்தேன். அதில் தாமும் அடக்கம் என்று அவருக்குத் தோன்றவில்லை. "வாங்கக்கா, உட்காருங்க" என்றேன். செவிலியர் ஒரு முறை பார்த்தார், சிறிது நேரம் அமரச் சொல்லி மறுபடி பார்த்தார். 180-க்கு 110. பல மாதங்களாக இருந்த தலைவலியை வெயில் சூடு என்று நினைத்து, சுக்கைத் தட்டிப் பற்றுப் போட்டுக்கொண்டிருந்ததாக அந்த அக்கா சொன்னார். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது.

அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனை வரிசையில் நிற்க முடியாது என்பதை உணர்ந்து, மாத்திரையை அவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோன ஏற்பாடு அது. யாருடைய நேரம் செலவாகிறது என்ற கேள்வியை அந்தத் திட்டம் சரியாகக் கேட்டது. நலவாழ்வு உரைகளை ஏற்பாடு செய்யும் நாங்கள் அதைக் கேட்கத் தவறிவிட்டோம்.

இதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெயின் வளாகத்தில், 2016-இல், அதன் ஊழியர்களிடையே ஒரு பெரிய ஆய்வு தொடங்கப்பட்டது. சேர்ந்த 4,834 பேரில் ஒரு பகுதியினரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அவர்களுக்கு உடற்பரிசோதனையும் நலவாழ்வு வகுப்புகளும் அளித்தார்கள். கலந்துகொள்வதற்கு ஊக்கத்தொகை கொடுத்தார்கள். ஊதியத்தோடு கூடிய நேரமும் ஒதுக்கினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கவனித்ததில் மருத்துவச் செலவிலோ, பழக்கவழக்கங்களிலோ, வேலைத்திறனிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. ஆனால் பரிசோதனை செய்துகொண்டவர்களின் எண்ணிக்கை கூடியது. இதைப் படித்தபோது எனக்கு அந்த அக்காவின் நினைவுதான் வந்தது. பேச்சால் வராத பயன் பரிசோதனையால் வருகிறது. அதுவும் நேரம் கொடுத்தால் வருகிறது. 2024-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வு, 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் பதில்களை ஆராய்ந்தது. மனப்பயிற்சி வகுப்பு, மன அழுத்தத்தைச் சமாளிக்கும் பயிற்சி போன்றவற்றில் கலந்துகொண்டவர்களின் மனநலம், கலந்துகொள்ளாதவர்களின் மனநலத்தைவிட மேம்பட்டதாக இல்லை என்பதே அதிலும் தெரிந்தது.

ஏன் இப்படி என்பதை விளங்கிக்கொள்வது கடினம் அன்று. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வேலைச் சோர்வுக்கு விளக்கம் எழுதியபோது, அது பணியிடத்தில் நீண்ட நாள் நீடித்து, சரியாகக் கையாளப்படாமல் விடப்பட்ட அழுத்தத்தால் வருவது என்றது. அதை ஒரு நோயாக அது வகைப்படுத்தவில்லை. காரணம் பணியிடத்தில் இருக்கும்போது, மருந்தை ஊழியருடைய மூச்சுப் பயிற்சியில் மட்டும் தேடினால் எப்படிக் கிடைக்கும்? எங்கள் பிரிவில் ஆறு பேர் செய்ய வேண்டிய வேலையை மூன்று பேர் செய்கிறோம். தேர்வுக் காலத்தோடு, உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவின் வருகையும் சேர்ந்துகொண்டால், ஐந்து ஆண்டு ஆவணங்களை ஒரே வாரத்தில் கேட்பார்கள். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் "காலை பத்து மணிக்குள் தேவை" என்று செய்தி வரும். அதைப் பார்த்த பிறகு எந்த மூச்சுப் பயிற்சியும் உறக்கத்தைக் கொண்டுவராது. பிரான்சில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும், பணி நேரத்துக்குப் பின் வரும் அழைப்புகளைத் தவிர்க்கும் உரிமை சட்டமாகவே இருக்கிறது. நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரவு ஏழு மணிக்கு மேல் குழுவில் பணி ஒதுக்கக் கூடாது என்று பதிவாளர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

தண்ணீர் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ஏறத்தாழ எல்லா உரைகளிலும் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்கிறார்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட ஊர்களைக் கொண்ட மாவட்டம் இது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே இங்கே எந்தத் தண்ணீர் என்பது முதல் கேள்வி. எங்கள் கட்டடத்தில் கேன் தண்ணீர் பதினொரு மணிக்குள் தீர்ந்துவிடும். அதன்பின் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். இரண்டாவது கேள்வி பெண்களுடையது. எங்கள் தளத்தில் பெண்களுக்கான கழிப்பறை இல்லை. இரண்டு மாடி இறங்கி அடுத்த கட்டடத்துக்குப் போக வேண்டும். அதனாலேயே காலை முதல் மாலை வரை ஒரு டம்ளர் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளும் பெண்கள் என் பிரிவில் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று பற்றி ஒரு மருத்துவரை அழைத்துப் பேச வைப்பதைவிட, மாடிக்கு ஒரு கழிப்பறை கட்டுவது அவர்களுக்கு அதிகம் பயன்படும். குழந்தைகள் காப்பகமும் அப்படித்தான். 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடங்களில் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் 4 முறை சென்று குழந்தையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் திருத்தம் வந்தது. எங்கள் தட்டச்சருக்கு இன்னும் அந்தத் தொலைபேசி அழைப்பு மட்டும்தான்.

நிர்வாகத்தில் இருப்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்வதாக நான் நினைக்கவில்லை. பணி நேரத்தில் கூட்டம் வைத்தால் சன்னலில் நிற்கும் மாணவர் காத்திருக்க நேரும் என்பது அவர்கள் கவலை, அது நியாயமான கவலையும்கூட. மாணவருக்காகத்தான் நாம் இருக்கிறோம். ஆனால் மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம், பிரிவில் பாதிப் பேர் இருக்கையில் இருக்க மறுபாதிப் பேர் கூடத்துக்குப் போய்வர முடியும். அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம். மாலையில் வைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஐந்தே முக்காலுக்கு வரும் மகளிர் இலவச டவுன் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த வண்டிக்கு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும் என்பதை அவர்கள் ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் வந்து பார்க்க வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் குழுவின் சார்பில் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டம் காலை 11 மணிக்கு, இரண்டு பிரிவாக. சுற்றறிக்கையில் ஒப்பந்தப் பணியாளர், காவலர், துப்புரவுப் பணியாளர், தோட்டப் பணியாளர் என்று பெயர் சொல்லி அழைப்பு. பேச்சு கால் மணி நேரம், மீதி நேரம் பரிசோதனை. கூட்டத்தில் எழும் கோரிக்கைகளை அடுத்த மாதக் கூட்டத்தில் நிர்வாகத்தின் பதிலோடு வாசிப்பது. முதல் கோரிக்கையாக எங்கள் தளத்துக்கான கழிப்பறையை எழுதியிருக்கிறேன். யாருக்காவது மனம் தாளாமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கட்டணமின்றி எந்த நேரமும் அழைக்கலாம் என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்ட மட்டும் யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்கவில்லை, நேற்றே ஒட்டிவிட்டேன். கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. உங்கள் அலுவலகத்தில் இத்தகைய உரைகள் எந்த நேரத்தில் நடக்கின்றன, அதற்குப் பின் ஏதாவது ஒன்று மாறியதா என்று எழுதுங்கள். பதில் கேட்டுப் பதிவாளரைப் பார்க்கப் போகும்போது அவற்றையும் கையில் எடுத்துச் செல்வேன்.