ஃபயர் மார்ஷலுக்குக் கதவைத் திறக்க வேண்டுமா, வேண்டாமா?

ஃபயர் மார்ஷல், அதாவது கட்டடங்களில் தீப் பாதுகாப்பைச் சோதிக்கும் அதிகாரி. அவரைப் பற்றிய சட்டம் என்றாலே தகுதியைப் பற்றித்தான் பேச்சு. எத்தனை வருட அனுபவம், என்ன சான்றிதழ், யார் நியமிப்பது. வேண்டியதுதான். ஆனால் கிடங்கு வாசலில் "உள்ளே விட முடியாது" என்றதும் திரும்பிப் போக வேண்டிய ஆளுக்கு எவ்வளவு படிப்பு இருந்து என்ன பயன்?

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், வெஸ்ட் என்கிற சிற்றூர். 2013 ஏப்ரல் 17 மாலை 7.29க்கு உரக் கிடங்கில் தீ என்று தகவல். 7.51க்கு வெடித்தது. இறந்த 15 பேரில் 12 பேர் தீயணைக்கவும் உதவவும் ஓடியவர்கள். பக்கத்திலேயே பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், அடுக்குமாடிக் குடியிருப்பு.

அங்கே இருந்த உரம் அம்மோனியம் நைட்ரேட். அது தானாகப் பற்றி எரிகிற பொருள் இல்லை. பக்கத்தில் எரிவதற்கு ஆக்சிஜனை வாரிக் கொடுக்கும், அவ்வளவுதான். 170 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும். உருகியதில் புகைக்கரி கலந்து, மேலே இடிபாடு விழுந்து அமுக்கினால் கதையே வேறு. வெஸ்டில் உரத்தைக் கொட்டி வைத்திருந்த தொட்டியே மரப்பலகை. தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் கிடையாது. தீ எப்படித் தொடங்கியிருந்தாலும் எரிபொருளை அங்கேயே அடுக்கி வைத்திருந்தார்கள்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணர் வேண்டாம், உள்ளே போய்ப் பார்த்தால் போதும். ஆனால் மாநிலம் முழுமைக்குமான தீ விதித்தொகுப்பு டெக்சாஸில் இல்லை. மக்கள்தொகை குறைந்த கவுண்டிகள் (நம் மாவட்டம் மாதிரி) பல, சொந்தமாக ஒன்றை வகுத்துக்கொள்ளவும் சட்டம் விடவில்லை. (விந்தையான தடை!) அப்போது மாநில மார்ஷல் நுழைய யாராவது புகார் கொடுக்க வேண்டியிருந்தது. கையிருப்பு 270 டன் வரை என்று அரசுக்குப் படிவமே போயிருந்தது. அதை வைத்துக்கொண்டு வாசலுக்குப் போவது யாருடைய கடமையாகவும் இருக்கவில்லை. இத்தனை நடந்த பிறகும், தாமாக முன்வந்து சோதனைக்கு அனுமதியுங்கள் என்று மார்ஷல் கேட்டபோது சில கிடங்குகள் மறுத்துவிட்டன.

2015இல்தான் திருத்தச் சட்டம் வந்தது. அம்மோனியம் நைட்ரேட் கிடங்குக்குள் மார்ஷல் நுழையலாம், ஆபத்தைச் சரிசெய் என்று உத்தரவிடலாம். எரியக்கூடிய சரக்கு உரத்திலிருந்து 30 அடி தள்ளி இருக்க வேண்டும். கதவு திறந்ததே பெரிது, மறுக்கவில்லை. ஆனால் மரத்தொட்டியை மாற்று, ஸ்பிரிங்க்ளர் போடு என்று அந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. மார்ஷல் டேப் பிடித்து விதை மூட்டைக்கும் உரத்துக்கும் இடையே 30 அடி அளக்கலாம். உரத்தைத் தாங்கி நிற்கிற பலகையைக் கான்கிரீட்டாக மாற்றச் சொல்ல அவர் கையில் பிரிவு எது?