மூன்றரை வயதில் எழுதாவிட்டால் என்ன?

என் மகளுக்கு மூன்றரை வயது இருக்கும்போது, புள்ளிக்கோட்டின் மேல் எழுதிப் பழகும் நோட்டு ஒன்றை வாங்கி வந்தேன். தினமும் சாயங்காலம் ஒரு பக்கம். முதல் நாள் ஆசையாக உட்கார்ந்தாள். நாலாவது நாள் தண்ணீர் வேண்டும் என்றாள், கை வலிக்கிறது என்றாள். சாக்குச் சொல்கிறாள் என்று அதட்டினேன். அப்புறம் பென்சில்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தன. ஒருநாள் வீடு பெருக்கும்போது சோபாவுக்கு அடியில் ஐந்து பென்சில் கிடந்தன.

கை வலித்தது நிஜம்தான். எனக்குத்தான் அது புரிய நாளாகிவிட்டது. பெரியவர்களின் மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகத்தான் எலும்பாகின்றன. நாலு வயதுக் குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் அவற்றில் ஏறக்குறைய பாதிதான் தெரியும். எலும்புக்கே இந்த நிலை என்றால், விரலை நுணுக்கமாக அசைக்கும் தசைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்தக் கையிடம்தான் நான் தினமும் ஒரு பக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கை தோளிலிருந்து கீழ்நோக்கித்தான் பழகிக்கொண்டு வருகிறது. இரண்டு வயதில் முழுக் கையையும் வீசிக் கிறுக்குவார்கள், பென்சிலை முஷ்டியில் பிடிப்பார்கள். மூன்று விரலால் பிடிப்பது நாலு வயதை ஒட்டி வரும், அப்போதும் மணிக்கட்டோடு சேர்த்துத்தான் நகர்த்துவார்கள். விரல் நுனி மட்டும் அசைந்து எழுதுவதற்கு ஐந்து, ஆறு வயதாகிவிடும். பார்த்து வரைவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் நெடுக்குக் கோடு, பிறகு படுக்கைக் கோடு, மூன்று வயதுவாக்கில் வட்டம், நாலில் கூட்டல் குறி, அதற்குப் பிறகு சதுரம், ஐந்தில் முக்கோணம். இப்போது நம் எழுத்தைப் பாருங்கள். ‘ட’, ‘ப’ இரண்டும் நேர்கோடுகள்தான். ‘அ’வில் சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நெடுக்குக் கோடு எல்லாம் மொத்தமாக வந்து நிற்கின்றன. வாய் அகர வரிசையில் சொல்லட்டும். கையும் அதே வரிசையில்தான் போக வேண்டும் என்று என்ன கட்டாயம்?

புள்ளிக்கோட்டு நோட்டின் மேல் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. காரின் ஜேம்ஸ், லாரா ஏங்கல்ஹார்ட் என்ற இருவர் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளை எழுத்துகளைத் தாங்களாகவே எழுதவும், கோட்டின் மேல் வரையவும், விசைப்பலகையில் தட்டவும் வைத்து, பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். வாசிப்புக்கான பகுதிகள் நன்றாகத் தூண்டப்பட்டது தாங்களாகவே எழுதிய எழுத்துகளுக்குத்தான். சிறிய ஆய்வுதான், ஆனாலும் எனக்கு ஆச்சரியமாக இல்லை. புள்ளியைத் தொடுகிற குழந்தையின் கண் அடுத்த புள்ளியைத்தான் தேடுகிறது, எழுத்தை எங்கே பார்க்கிறது? தானாக எழுதும்போது கோணல்மாணலாக வரும். வரட்டுமே.

சரி, நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு என்ன செய்தேன்? பெரிதாக ஒன்றுமில்லை. களிமண் உருட்டினோம், பழைய பேப்பரைக் கிழித்தோம், துணிக்கிளிப்புகளை மாட்டிக் கழற்றினாள். முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்று கொடுத்தேன். தண்ணீரில் தூரிகையை நனைத்துச் சுவரில் பெரிது பெரிதாக எழுதினாள், காய்ந்ததும் மறுபடி எழுதினாள். சுவர் மாதிரி செங்குத்தான பரப்பில் எழுதும்போது மணிக்கட்டு தானாகவே சரியான வாக்கில் வளைகிறது, தோளுக்கும் வலு ஏறுகிறது. கிரேயானை உடைத்துச் சின்னத் துண்டாகக் கொடுத்தால், முஷ்டியில் பிடிக்க இடமே இருக்காது, விரல் நுனிகள்தான் பிடித்தாக வேண்டும். ‘இப்படிப் பிடி’ என்று நூறு தடவை சொல்லி நடக்காதது, இதில் நடந்தது. மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் தொடங்கிய பள்ளியில் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவிப் பழகினார்கள், பென்சில் கைக்கு வரும் முன்பே.

ஆனால் கை மட்டும் போதாது, எழுத ஒரு காரணமும் வேண்டும். நான் வாங்க வேண்டியவற்றைக் காகிதத்தில் குறித்துக்கொண்டிருந்தபோது அவளும் ஒரு தாளில் கிறுக்கிவிட்டு, ‘இது என்னோட லிஸ்ட்’ என்று வாசித்தும் காட்டினாள். அன்றுதான் அவள் எழுதத் தொடங்கினாள் என்பேன். அதிலிருந்து அவள் சொல்வதை அவள் படத்துக்குக் கீழே அப்படியே எழுதிக் கொடுத்தேன். தன் பெயரை மட்டும் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள்.

எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்டாலும் பதற வேண்டாம், ஆறேழு வயதுவரை அது சகஜம். இடது கையால் எழுதினால் மாற்றவே மாற்றாதீர்கள். ஆனால் ஐந்து வயது தாண்டியும் பட்டன் மாட்டவோ கிரேயானைப் பிடிக்கவோ ரொம்பவே திணறினால், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஐந்து வயது நிறைவதற்குச் சில நாள் முன்பு, அவள் விளையாடும் அறையின் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ‘உளள வரத’. கொம்பும் காலும் இல்லை, புள்ளி இல்லை, ‘ர’ திரும்பி நின்றது. நான் கதவைத் தட்டிவிட்டு வெளியிலேயே நின்றேன்.