“பார்த்துச் செய்யத் தெரியாது” என்பது சரியல்ல

மேலே ஓர் அண்ணா, ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் மூளையில் ‘கண்ணாடி நியூரோன்’ (ஒன்றைத் தான் செய்யும்போதும், மற்றவர் அதைச் செய்வதைப் பார்க்கும்போதும் இயங்கும் நரம்புக்கலம்) பழுது, அதனால் அவர்களுக்குப் பார்த்துச் செய்யவோ மற்றவரின் எண்ணத்தை விளங்கிக்கொள்ளவோ ஏலாது, முன்பள்ளிக்கு அனுப்பிப் பலனில்லை என்று எழுதியிருக்கிறார். அப்படி முடிவுகட்ட ஆதாரமில்லை அண்ணா.

அந்த நியூரோன்கள் 1990களின் தொடக்கத்தில் இத்தாலியின் பார்மாவில் குரங்குகளிடம் கண்டறியப்பட்டவை. ஓட்டிசத்துக்கு அவைதான் காரணம் என்பது பிறகு வந்த ஊகம். பின்வந்த ஆய்வுகள் அதற்குப் பெரிதாகக் கைகொடுக்கவில்லை.

ஒரு சோதனை இருக்கிறது. பெரியவர் ஒரு பொருளைக் கழற்ற முயன்று தவறுவதுபோலக் காட்டுவார். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் அந்தத் தவறைச் செய்யாமல், அவர் செய்ய நினைத்ததைச் செய்து முடிக்கிறார்கள். நோக்கம் விளங்காமல் அது எப்படி? சிரமம் கூடுதலாகத் தெரிவது வேறிடத்தில்: கையில் ஒரு பொருளும் இல்லாமல் செய்யும் வெறும் சைகைகள், ஒருவர் செய்யும் பாணி, யாரும் கேட்காமல் தானாகப் பார்த்துச் செய்வது. அதுவும் பிள்ளைக்குப் பிள்ளை மாறும்.

கொழும்பின் காலி வீதி பஸ்ஸில் கொண்டக்டர் “பம்பலப்பிட்டி, பம்பலப்பிட்டி” என்று கூவுவதை, வீட்டுக்கு வந்து அதே இராகத்தில் சொல்லும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். (சிங்களத்தில் கேட்டால் சிங்களத்திலேயே!) பார்த்துச் செய்வதைப் பழக்கலாம், அண்ணா. முதலில் பெரியவர் பிள்ளையின் விளையாட்டைத் தான் பின்பற்றித் தொடங்கும் பயிற்சிமுறையே உண்டு. வெள்ளவத்தை அம்மா யாராவது இதை வாசித்தால், முன்பள்ளியை நிறுத்தமுன் பேச்சு சிகிச்சையாளரிடம் ஒருக்கால் கதையுங்கோ.